மின்சாரக் கெட்டில்: வாங்குவதும் பேணுவதும்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர்கள், சென்ற ஊரின் வழக்கங்களை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். புனே நகரத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் காலையில் போஹா உண்ணப் பழகிவிடுவார்கள். காய்கறிக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசுவார்கள். விநாயக சதுர்த்தியைப் பத்து நாள் கொண்டாடுவார்கள். காலைக் காப்பி ஒன்றில் மாத்திரம் அவர்கள் சிறிதும் இணங்குவதில்லை. ராஸ்தா பேட்டையிலோ கட்கியிலோ தலைமுறை தலைமுறையாக வசிப்பவராயினும் சரி, சென்ற மாதம் ஹிஞ்ஜவடியில் உத்தியோகம் ஏற்க வந்த இளைஞராயினும் சரி, அவருடைய பெட்டியில் பித்தளையிலோ எவர்சில்வரிலோ ஒரு பில்டர் இருக்கும். பில்டர் இருந்தால் வெந்நீர் வேண்டும். அந்த வெந்நீருக்காக இக்காலத்தில் பலரும் மின்சாரக் கெட்டிலை நாடுகிறார்கள். அதை எப்படித் தேர்ந்து வாங்குவது, வாங்கியபின் எப்படிப் பேணுவது என்பதைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன்.

நாடுகிறவர்கள் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு வகையினர், வாடகை அறையிலோ விடுதியிலோ தங்கியிருக்கும் மாணவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும். அங்கே அடுப்பு மூட்ட அனுமதி இராது. ஆகவே கெட்டிலே அவர்களுக்குச் சமையலறை. மற்றொரு வகையினர், ஊரிலிருந்து வயது முதிர்ந்த பெற்றோர் வந்து தங்கும் குடும்பத்தினர். தாயார் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். பழக்கமில்லாத சமையலறையில், இருட்டில், காஸ் அடுப்பைப் பற்றவைக்க அவருக்குத் தயக்கம். மருமகளை எழுப்பவும் மனம் வராது. "அம்மா, இதில் தண்ணீர் ஊற்றி இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்" என்று சொல்லி மகன் ஒரு கெட்டிலை வாங்கி வைத்துவிட்டு உறங்கப் போகிறான். அவன் சொல்லாமல் விட்ட விஷயங்கள் பல. மின்சாரமும் கொதிநீரும் ஒரே பாத்திரத்தில் கூடியிருக்கும்பொழுது, சொல்லாமல் விட்டவற்றால் தீங்கு நேரக்கூடும்.

வெந்நீருக்கென்றே தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது நமக்கும் புதிதன்று, மராத்தியருக்கும் புதிதன்று. புனேயின் கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்றொரு தெரு உண்டு. செப்புப் பாத்திரம் அடிக்கும் கன்னார்கள் வாழும் தெரு அது. அங்கே செய்யப்படும் பொருள்களில் 'பம்ப்' என்பது ஒன்று. நீர் இறைக்கும் பம்பு அன்று. நடுவே ஒரு புகைபோக்கி நின்று, அதனுள் கரியோ விறகோ எரிய, சுற்றிலும் உள்ள செப்புத் தவலையில் நீர் காயும் சாதனம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் குளியலறையில் நின்ற செப்பு 'பாய்லர்' இதற்கு உடன்பிறப்பு. அவ்விரண்டிலும் நெருப்பு கண்ணுக்குத் தெரியும். ஆகையால் மனிதர்கள் தாமே எச்சரிக்கையாக இருந்தார்கள். கெட்டிலில் நெருப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் சௌகரியமும் அதுதான். அதன் அபாயமும் அதுதான்.

மின்சாரத்தால் நீரைக் காய்ச்சும் பாத்திரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டன. ஆனால் அவற்றுக்குத் தாமாக நிற்கத் தெரியாது. வைத்தவர் மறந்து போனால் நீர் முழுதும் வற்றி, கம்பிச் சுருள் கருகிவிடும். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரஸ்ஸல் ஹாப்ஸ் கம்பெனியார், கொதி வந்தவுடன் தானாக அணைந்துவிடும் கெட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தாபகீர் கல்லியின் மின்சாமான் கடைகளில் அடுக்கியிருக்கும் சாதாரணக் கெட்டில்களும் பெரும்பாலும் அதே தத்துவத்தின்படி வேலை செய்கிறவைதாம். அந்தத் தத்துவத்தைத் தெரிந்துகொண்டால், கெட்டிலைப் பற்றிய மற்ற விதிகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை; அவை தாமே விளங்கிவிடும்.

இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சூடு பட்டால் இரண்டும் நீளும். ஆனால் ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் நீளும். ஒட்டியிருப்பதால் பிரிய வழியில்லை. ஆகவே தகடு வளைகிறது. வளையும் தகடு ஸ்விட்சைத் தட்டிவிடுகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். இந்த ஈருலோகத் தகட்டை முதலில் பயன்படுத்தியவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் ஹாரிஸன் என்னும் ஆங்கிலக் கடிகாரக்காரர். கப்பலில் செல்லும் கடிகாரம் வெப்பதட்பத்தால் பிழையாக ஓடாதிருக்க அவர் கண்ட உபாயம் அது. நம் காலத்தில் இத்தகைய தகடுகளைச் செம்மைப்படுத்திக் கோடிக்கணக்கான கெட்டில்களில் இடம்பெறச் செய்தவர்களுள் ஒருவரான ஜான் டெய்லர், கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஹாரிஸனின் நினைவைப் போற்றும் வகையில் ஒரு விசித்திரமான பெரிய கடிகாரத்தை 2008-இல் நிறுவினார். காப்பிக்கு வெந்நீர் போடும் பொருளுக்கும் கடலில் வழி காட்டிய கடிகாரத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். தானாக அணையும் அந்தத் தகட்டை நீர் தொடுவதில்லை, நீராவிதான் தொடுகிறது. மூடிக்கு அருகே உட்புறத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கும். நீர் கொதித்து ஆவி மேலே நிறைந்ததும், அது அந்தத் துவாரத்தின் வழியாகக் கைப்பிடிக்குள்ளோ அடிப்பகுதிக்கோ சென்று தகட்டைச் சூடாக்குகிறது. உடனே 'டக்'கென்ற ஓசையுடன் கெட்டில் அணைகிறது. ஆகவே மூடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஆவி அறைக்குள் பரவிவிடும். தகட்டுக்குச் செய்தி போய்ச் சேராது. நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். "கொதிக்கிறதா என்று பார்க்கிறேன்" என்று மூடியைத் திறந்து நிற்பவர்கள், கெட்டிலின் கண்ணைப் பொத்துகிறார்கள்.

மேல் அளவுக் கோட்டுக்கு மேல் நீர் நிரப்பினாலும் தொல்லைதான். கொதிக்கும்போது நீர் துள்ளி ஆவித் துவாரத்துக்குள் புகும். மூக்கின் வழியாகப் பொங்கி அடிமேடையில் வழியும். கீழ் அளவுக் கோட்டுக்குக் குறைவாக ஊற்றினால், ஆவி போதுமான அளவு சேருமுன் நீர் வற்றிப்போகக்கூடும். அப்படி வற்றினால் காப்பதற்கு அடியில் இன்னொரு தகடு இருக்கிறது. அது அடித்தட்டின் சூட்டை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆயினும் அது ஆபத்துக்கு உதவுவது. அன்றாட வேலைக்கு அதை நம்பலாகாது.

புனே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறையும். நீரும் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் புனேயில் ஏறத்தாழ 98 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மகாபலேஸ்வரத்தில் இன்னும் இரண்டரை டிகிரி குறையும். உதகமண்டலத்தில் 93 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. கெட்டில் இதனால் குழம்புவதில்லை. அது உஷ்ணத்தின் எண்ணைப் பார்ப்பதில்லை. ஆவி வந்ததா என்றுதான் பார்க்கிறது.

காப்பி விஷயத்தில் இந்த இரண்டு டிகிரிக் குறைவு நமக்கு நன்மையே. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பொடி கசந்துபோகும் என்று அரை நிமிஷம் பொறுத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. புனேயில் அவ்வளவு பொறுமை தேவையில்லை என்பது என் கருத்து. குளிர்ந்த எவர்சில்வர் பில்டரே சில டிகிரி சூட்டை வாங்கிக்கொண்டுவிடும். மார்கழி, தை மாதங்களில் இந்நகரத்தில் விடியற்காலைக் குளிர் 10 டிகிரிக்கு வருவதுண்டு. அப்பொழுது முதலில் சிறிது வெந்நீரால் பில்டரையும் தம்ளரையும் கழுவி, பிறகு பொடியிட்டு, குடைத்தட்டை வைத்து, நடுவில் மெதுவாக ஊற்றுவது நலம். கெட்டிலின் கீழ் அளவு பெரும்பாலும் அரை லிட்டர். ஒருவருக்கான டிகாக்ஷனுக்கு அவ்வளவு நீர் வேண்டாம். மீதியை இப்படிப் பயன்படுத்தினால் வீணாகாது.

தேநீருக்கு இது பொருந்தாது. கறுப்புத் தேயிலைக்கு எவ்வளவு சூடு கிடைத்தாலும் நல்லது. கெட்டில் அணைந்த அந்தக் கணமே தேயிலையின்மேல் ஊற்றி மூடிவைத்து, நான்கு நிமிஷம் கழித்து வடிகட்ட வேண்டும்.

ஆனால் தேநீர் என்றதும் புனே நேயர்களுக்கு நினைவு வருவது இந்தத் தேநீராக இராது. தெருமுனைதோறும் உள்ள 'அம்ருத்துல்ய' கடைகளின் தேநீரே நினைவுக்கு வரும். ராஜஸ்தானத்திலிருந்து வந்த குடும்பத்தார் தொடங்கிய கடைகள் அவை. பளபளவென்று துலக்கிய பித்தளைப் பாத்திரத்தில் பாலும் தேயிலையும் சர்க்கரையும் இஞ்சியும் ஏலமும் ஒன்றாகக் கொதித்துச் சுண்டுவதே அதன் இலட்சணம். அந்தத் தேநீரைக் கெட்டிலில் போட முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். விடுதி அறைகளில் இது சர்வ சாதாரணம். ஊரிலிருந்து வந்த தாயாரும், பால் காய்ச்ச வேறு வழி தெரியாமல், பாலையே கெட்டிலில் ஊற்றிவிடுவார். மகன் சொல்லாமல் விட்டவற்றுள் முதலாவது இதுதான்: கெட்டில் தண்ணீருக்கு மாத்திரமே உரியது.

பாலை ஊற்றினால் நேர்வது என்ன? பாலில் உள்ள புரதமும் சர்க்கரைப் பொருளும் அடித்தட்டில் ஒட்டிக் கருகும். பால் பொங்குவது நீர் கொதிப்பதைப் போலன்று. ஆடையும் நுரையுமாக எழுந்து, ஆவித் துவாரத்துக்குள் நுழைந்து, மூக்கின் வழியாக வழிந்து, அடிமேடையில் மின்சாரம் பாயும் முனைகளில் போய்ச் சேரும். ஆவி வழி அடைபட்ட கெட்டில் மறுநாள் வெறும் நீரைக் கொதிக்கவைத்தாலும் தானாக அணையாது. நூடுல்ஸ், முட்டை, ரவை இவற்றைக் கெட்டிலில் வேகவைப்பதற்கும் இதே தடை. ஒருமுறை செய்து பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று மகிழ்கிறவர்கள், உட்புறத் துவாரத்தை ஒரு விளக்கைப் பிடித்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் அறையில் தனியாக இருக்கும் இளைஞர் காப்பிக்குப் பாலுக்கு எங்கே போவார்? காகிதப் பெட்டியில் அடைத்து வரும் நீண்டநாள் பாலை மறுபடி காய்ச்ச வேண்டும் என்பதில்லை. அதைத் தம்ளரில் ஊற்றி, கெட்டிலின் வெந்நீர் நிறைந்த கிண்ணத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்திவைத்தால் இதமான சூடு ஏறிவிடும். சுடச்சுட இறங்கிய டிகாக்ஷனை அதில் கலந்தால் காப்பி குடிக்கத் தக்கதாகவே இருக்கும். ஊரில் தாயார் ஆற்றிக் கொடுக்கும் நுரைக் காப்பிக்கு இது ஈடாகாது. ஆயினும் கடைத்தெரு உடனடிக் காப்பியினும் நூறு பங்கு மேல். பாலைக் காய்ச்சியே தீரவேண்டும் என்பவர்களுக்கு, வாயகன்ற மின்சாரப் பாத்திரங்கள் தனியாக விற்கின்றன; அவை வேறு, கெட்டில் வேறு.

இனி வாங்கும் விஷயம். கடைக்காரர் முதலில் காட்டுவது வெளிப்புறத்தின் மினுமினுப்பை. நாம் முதலில் பார்க்கவேண்டியது உட்புறத்தை. நீர் படும் இடமெல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும். மூடியின் உள்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் அதிகமாக உள்ள கெட்டில்களில் சில வாரங்கள் வரை ஒரு வாடை நிற்கும், காப்பியின் மணத்தை அது கெடுக்கும். எவர்சில்வரில் 304 என்று குறிக்கப்படும் வகை உயர்ந்தது. அதில் ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. சில கடைக்காரர்கள் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், அசல் சரக்கு" என்பார்கள். அச்சோதனையை நம்பாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்த மலிவு வகையிலும் காந்தம் ஒட்டுவதில்லை. பாத்திரத்தில் பொறித்த எண்ணையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் பார்ப்பதே மேல்.

கையை உள்ளே விட்டுத் துடைக்கும்படி வாய் அகலமாக இருக்கவேண்டும். கம்பிச் சுருள் நீருக்குள் வெளிப்படையாகத் தெரியும் வகையைவிட, அடித்தட்டுக்குக் கீழே மறைந்திருக்கும் வகையே நல்லது. துடைக்க எளிது, உப்புப் படிவதும் குறைவாகத் தெரியும். இரட்டைச் சுவர் வைத்த கெட்டில்கள் விலை சற்று அதிகம். வெளிப்புறம் அவ்வளவாகச் சுடாது என்பதால், தவழும் குழந்தையோ கைநடுக்கமுள்ள முதியவரோ இருக்கும் வீட்டில் அந்த அதிக விலை தகும். முதியவர்களுக்காக வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்றரை லிட்டர் நீரும் கெட்டிலும் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கனத்தைச் சாய்த்து ஊற்ற அவர்களுடைய மணிக்கட்டில் வலு இருக்கிறதா? ஒரு லிட்டர்க் கெட்டில் போதும். இந்தியத் தரநிர்ணயத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்றும், பழுதானால் பார்த்துக்கொடுக்கும் நிலையம் புனேயில் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவையெல்லாவற்றிலும் முக்கியமானதை, அதாவது மின்சாரக் கணக்கை, பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கெட்டிலின் அடியில் 1500 வாட் என்று போட்டிருக்கும். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஆறரை. அதாவது அக்கெட்டில் ஆறரை ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. படுக்கையருகே சுவரில் இருக்கும் சிறிய பிளக் துவாரம் 6 ஆம்பியருக்கு ஏற்பட்டது. விளக்குக்கும் விசிறிக்கும் டெலிபோனுக்குமே அது உரியது. கெட்டிலுக்கு 16 ஆம்பியர்த் துவாரம், பழைய வழக்கில் 'பவர் பிளக்' என்று சொல்கிறோமே, அதுதான் வேண்டும். சில கெட்டில்கள் மெல்லிய கால்களுள்ள பிளக்குடனே வருகின்றன. சிறிய துவாரத்தில் அது நுழைகிறது என்பதனால் அத்துவாரம் அதைத் தாங்கும் என்று பொருளன்று. இரு அளவுக் கால்களும் நுழையும் 16 ஆம்பியர்த் துவாரத்தில் அதைச் செருகுங்கள். அறையில் 6 ஆம்பியர்த் துவாரம் மாத்திரமே இருந்தால் 1000 வாட் கெட்டிலை வாங்குங்கள். அது இழுப்பது 4 ஆம்பியருக்குச் சற்று மேல். நீர் கொதிக்க ஒன்றிரண்டு நிமிஷம் கூடுதலாகும்; அவ்வளவுதான். நீளக் கம்பியில் நான்கைந்து துவாரங்கள் வைத்து விற்கிறார்களே, அந்தப் பலகையில் கெட்டிலை ஒருநாளும் இணைக்கலாகாது. நீர் கொதித்து அணைந்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதென்றால் துவாரத்தின் பிடி தளர்ந்திருக்கிறது. மின்வேலைக்காரரைக் கூப்பிட வேண்டும்.

பிளக்கின் மூன்றாவது கால், மற்ற இரண்டைவிடப் பருத்து நீண்டிருப்பது, நிலத்தோடு இணைப்பதற்கானது. உட்கம்பி பழுதுபட்டு உலோகப் பாத்திரத்தைத் தொட்டால், மின்சாரம் நம் உடலின் வழியாகப் போகாமல் அந்தக் காலின் வழியாக நிலத்துக்குப் போய்விடும். பேட்டைகளில் உள்ள பழைய வாடாக்களில் வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துக்கொள்ளவேண்டும். அங்கே மூன்று துவாரம் இருக்கும். மூன்றாவது துவாரத்தின் பின்னால் கம்பியே இராமலும் போகலாம். குடிபுகும்போதே வீட்டுக்காரரிடம் கேட்டு, நிலக் கம்பி இருக்கிறதா என்றும், கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர்க் காப்புச் சாதனம் பெட்டியில் உண்டா என்றும் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாளியில் அமிழ்த்தி நீர் காய்ச்சும் மின்கம்பியை இன்னும் பலர் காப்பிக்குக்கூடப் பயன்படுத்துகிறார்கள். அது தானாக அணையாது. நீரில் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவ்வழக்கத்தை விடுவதற்காக மாத்திரமே ஒருவர் கெட்டில் வாங்கினாலும் அச்செலவு தகும்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க, வெளியே போகும் சூட்டையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் ஆகும். காலையில் நால்வருக்குக் காப்பி போடும் வீட்டில் இது கவலைப்படும் செலவன்று. மின்னழுத்தம் குறைந்த நாளில் கெட்டில் மந்தமாக இருப்பதைக் கண்டு பழுதென்று நினைக்கவேண்டாம். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் சூடு பத்தில் ஆறு பங்குக்கு வந்துவிடும். ஏனெனில் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துச் சூடு குறைகிறது.

பேணும் விஷயத்தில், எல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. கடக்வாஸ்லா ஏரியிலிருந்து புனே நகரத்துக்கு வரும் குழாய் நீர் மேற்கு மலைத்தொடரில் பெய்த மழைநீர். அதில் உப்பு குறைவு. ஊர் விரிந்து வளர்ந்த புறநகர்களில் பல குடியிருப்புகள் ஆழ்குழாய்க் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. தக்காணத்துக் கருங்கல் பாறையின் இடுக்குகளில் ஊறிய நீரில் கால்சியமும் மக்னீஷியமும் கரைந்திருக்கும். இந்நீரைக் காய்ச்சினால், கரைந்திருந்த கால்சியம் சுண்ணாம்புக் கல்லாக மாறி அடியில் படிகிறது. வெள்ளைவெளேரென்று ஓர் ஏடு. நாள் செல்லச் செல்ல அது தடித்துச் செதில் செதிலாக உரியும். குடித்தால் தீங்கில்லை, ஆனால் டிகாக்ஷனில் மிதந்தால் யார் விரும்புவார்? மேலும் அந்த ஏடு சூட்டை எளிதில் கடத்தாது. அடித்தட்டு அளவுக்கு மேல் காய்ந்து, நீர் கொதிக்குமுன்பே காப்புத் தகடு மின்சாரத்தைத் துண்டிக்கும். "கெட்டில் பாதியிலேயே அணைந்துவிடுகிறது" என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும்.

இதற்கு மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. எலுமிச்சை உப்பு என்று நம் ஊரிலும் 'லிம்பூ சத்வ' என்று இங்கேயும் விற்கும் வெண்பொடியில் ஏறக்குறைய 10 கிராமை அரை லிட்டர் நீரில் கரைத்துக் கெட்டிலில் ஊற்றுங்கள். நன்கு சூடேறியதும், கொதி வருமுன், நிறுத்திவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைவதைக் கண்ணாலேயே காணலாம். அந்நீரைக் கொட்டி, இரண்டு முறை நல்ல நீரைக் காய்ச்சிக் கொட்டினால் கெட்டில் புதிதாகிவிடும். பொடி கிடைக்காவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு போதும். கிணற்று நீர் வீடுகளில் மாதம் இருமுறை, குழாய் நீர் வீடுகளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. புளி வேண்டாம், பித்தளைக்கு அது நல்லது, இங்கே அதன் நார் ஆவித் துவாரத்தை அடைக்கும். தேங்காய் நாரும் இரும்பு நாரும் சாம்பலும் எவர்சில்வரில் கீறல் போடும். வெளுப்புத் தூள் கலந்த திரவங்களை உள்ளே ஊற்றினால் எவர்சில்வரிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பு உண்டாகும். அடியில் பழுப்பு நிறப் புள்ளிகள் தெரிந்தால் உடனே பாத்திரம் துருப்பிடித்துவிட்டதென்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் அது நீரில் வந்த இரும்பின் படிவு. எலுமிச்சை உப்புக்குக் கரைந்துவிடும்.

சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வரும் நீரை ஊற்றினால் உப்பே படியாது என்பது உண்மை. ஆனால் உப்பெல்லாம் நீங்கிய நீரில் இறக்கிய காப்பி சப்பென்று இருக்கும். கடக்வாஸ்லா நீர் கிடைக்கிறவர்கள் அதையே ஊற்றுவது நல்லது.

கெட்டிலை அடிமேடையின்மேல் வைத்தபடியே குழாயடியில் பிடித்து நீர் நிரப்பும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. மேடையிலிருந்து எடுத்து, நிரப்பி, அடிப்புறத்தைத் துணியால் ஒற்றி, பிறகே வைக்கவேண்டும். கெட்டிலை நீரில் அமிழ்த்திக் கழுவவே கூடாது. மேடையில் நீர் சிந்திவிட்டால் முதலில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள், பிறகு துடையுங்கள். இரவில் மிச்ச நீரைக் கொட்டிவிட்டு மூடியைத் திறந்து வையுங்கள். கம்பியில் உறை கிழிந்தால் ஒட்டுத் துணி சுற்றிச் சமாளிக்காமல் கம்பியையே மாற்றிவிட வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கெட்டிலையும் உடன் எடுத்துச் செல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரயில் பெட்டியில் உள்ள பிளக் துவாரங்கள் டெலிபோனுக்கும் மடிக்கணினிக்குமே ஏற்பட்டவை. கெட்டிலை அவற்றில் செருகுவதை இரயில்வே நிர்வாகம் தடைசெய்திருக்கிறது; தீப்பற்றும் அபாயம் உண்டு என்பதே காரணம். புனேயிலிருந்து சென்னை செல்லும் நீண்ட பயணத்துக்கு, புறப்படுமுன் கெட்டிலில் வெந்நீர் போட்டு, கெட்டியாக டிகாக்ஷன் இறக்கி, பால் கலந்து பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளலாம். கூட வரும் தமிழர்கள் மணம் பிடித்துவிட்டால் அது ஸோலாப்பூர் வருமுன்பே தீர்ந்துபோகும்.